அடி எண்ணுகிறவர்கள்

பெரும்பாக்கத்தைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தென்புறத்தில் ஒரு காலி மனை. அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. இப்போதைக்கு அங்கே இருப்பவை மூன்று கால் இரும்புச் சட்டம், டீசலில் ஓடும் விஞ்ச், துளை சரியாமல் தாங்கும் பெண்டோனைட் களியைக் கரைத்துவைத்த தொட்டி. அவற்றைச் சுற்றி ஐந்து தொழிலாளர்கள். சாயில் டெஸ்ட் குழு. ஒரு கட்டடத்துக்காக முதலில் வந்து முதலில் கிளம்பிப்போகிறவர்கள் இவர்கள்தான். அங்கே குடிவரப்போகும் யாரும் இவர்களைப் பார்ப்பதில்லை.

மேஸ்திரி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர். அவரும் தண்ணீருக்கு போர் போடும் வேலையில்தான் தொடங்கியிருக்கிறார்.

“அது வேறைங்க சார், இது வேறைங்க. அங்க தண்ணி வந்தாப் போதும், மண்ணு எப்படிப் போனா என்ன? இங்க மண்ணுதானுங்க சரக்கு. அது உள்ள இருக்கற மாதிரியே வெளிய வரணும்.”

துளை ஒன்றரை மீட்டர் இறங்கியதும் நிறுத்திவிட்டுச் சோதனை. ராடின் நுனியில் நெடுக இரண்டாகப் பிரிக்கக்கூடிய எஃகுக் குழாய்; மேலே 63.5 கிலோ சுத்தியல். அதை 75 செ.மீ. தூக்கி விடுகிறார்கள். ராடில் 15 செ.மீ. அளவில் மூன்று பகுதிகளைச் சாக்பீஸால் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும். முதல் பகுதி துளைக்கும்போது கலைந்த மண்ணாக இருக்கலாம் என்பதால் கணக்கில் சேராது. அடுத்த இரண்டின் கூட்டுத்தொகைதான் ‘என் வேல்யூ’. ஐ.எஸ். 2131 தரநிலை வகுத்த முறை இது. அடித்தளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், பைல் எனும் ஆழத்தூண்கள் போட வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்று மீட்டரில் கருஞ்சாம்பல் நிறக் களிமண். சுத்தியல் விழுந்தது, ஒரே அடியில் ராடு முதல் கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த இரண்டு கோடுகளுக்கும் சேர்த்து மூன்றே அடி. மேஸ்திரி உரக்கச் சொல்ல, இளம் பொறியாளர் எழுதிக்கொண்டார். குழாயைப் பிரித்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன், சிரமமில்லாமல் உள்ளே போனது. நடுநடுவே சிப்பித் துணுக்குகள். மேலே நின்று பார்த்தால் காய்ந்து இறுகிய தரை. மூன்று மீட்டருக்குக் கீழே இந்தச் சேறு.

அங்கிருந்து கலையாத மண்ணும் எடுத்தார்கள். மெல்லிய சுவருள்ள குழாயை உள்ளே அழுத்தி எடுத்ததும், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் அடுப்பில் உருக்கிய மெழுகை இரு முனையிலும் ஊற்றி அடைத்தார். ஈரம் போய்விட்டால் ஆய்வகத்தில் சோதிப்பது வேறொரு மண்ணாகிவிடும். பாரம் ஏறினால் இந்தக் களி எவ்வளவு அமுங்கும், எத்தனை வருடம் அமுங்கிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் அந்த மெழுகு அடைப்பை நம்பித்தான் இருக்கிறது.

எண்ணிக்கையில் தப்பு எங்கே நுழையும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“சுத்திய முழுசாத் தூக்காம விட்டாப் போச்சுங்க.”

உயரம் குறைந்தால் அடியின் வலு குறையும். அதே ஆழம் இறங்கக் கூடுதல் அடி தேவைப்படும், எண் ஏறும், நொய்ந்த மண் கெட்டி மண்ணாகத் தாளில் பதிவாகும். துளைக்குள் பெண்டோனைட் மட்டம் தாழ்ந்தாலோ அடியிலிருந்து மணல் பொங்கித் தளர்ந்து எண் கெடும். அச்சடித்த அறிக்கையைப் புரட்டினால் இதெல்லாம் தெரியவே தெரியாது. இவர்களுக்குக் கூலி மீட்டர் கணக்கில். அவசரப்பட்டால் வருமானம், நிதானித்தால் நஷ்டம். அப்படியிருந்தும், கம்பியில் அடித்திருந்த சிவப்பு பெயிண்ட் கோட்டைச் சுத்தியல் தொடாமல் கயிற்றை விட அந்த மேஸ்திரி ஒருமுறைகூடச் சம்மதிக்கவில்லை.

பன்னிரண்டு மீட்டர் தாண்டியதும் சத்தம் மாறியது. 50 அடி விழுந்தும் ராடு ஒரு கோடுகூட இறங்கவில்லை. ‘ரெஃப்யூசல்’ என்றார்கள். சிதைந்த பாறை வந்துவிட்டது. பரங்கிமலையில் வெளியே தலைகாட்டும் சார்னோக்கைட் பாறைதான் இங்கே ஆழத்தில் கிடக்கிறது. இந்தக் கட்டடத்தின் பைல்கள் களியை நம்பாமல் அதில்போய் ஊன்ற வேண்டும்.

சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. திருவான்மியூரில் மணல், மேற்கு மாம்பலத்திலும் கொளத்தூரிலும் களி, கிண்டிப் பக்கம் பாறை மேலாகவே வந்துவிடும். ஒரே மனையின் இரண்டு மூலைகள்கூட வேறுபடும். குட்டையைத் தூர்த்த மூலையில் இடிபாடும் குப்பையும் புதைந்திருக்கும். பக்கத்து மனையின் அறிக்கையை வாங்கித் தேதியை மாற்றிக்கொள்வது உயிரோடு விளையாடுவது.

சின்ன வீடு கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆய்வகத்தில் எளிய சோதனை ஒன்று பார்த்தேன். சலித்த உலர்மண் பத்து கிராம் தண்ணீரில், பத்து கிராம் மண்ணெண்ணெயில். இரண்டும் கண்ணாடி உருளைகளில் ஒரு நாள் நிற்கும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டு மட்டங்களுக்கும் இடைவெளி கூடக்கூட ஆபத்தும் கூடும். மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும் அந்த மண்தான் சுவர்களில் விரிசல் விடுகிறது. இத்தகைய கரிசல் மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த பைல்களை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்திருக்கிறது. தீர்வு இருக்கிறது, மண்ணைத் தெரிந்துகொண்டால்தான் அது கைக்கு வரும்.

2014 ஜூன் 28 அன்று போரூர் ஏரிக்கு அருகே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு கட்டுமானத் தரத்தோடு மண்ணின் தாங்குதிறனும் ஊரெங்கும் பேசுபொருளானது. பேச்சு சில மாதங்களில் அடங்கிவிட்டது.

வீடு வாங்கும்போது பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கேட்டு வாங்கி வக்கீலிடம் காட்டுகிறோம். நிலம் யாருடையது என்பதை அவை சொல்லும். நிலம் எதைத் தாங்கும் என்பதை, துளையில் கண்டதைப் பதியும் போர் லாக்தான் சொல்லும். அதையும் கேட்போம்: எத்தனை துளை, எவ்வளவு ஆழம், நீர்மட்டம் எங்கே, அறிக்கை சொன்ன அடித்தளம்தான் போடப்பட்டதா? கட்டுகிறவர்கள் இந்தக் குழுக்களுக்கு மீட்டர் கணக்கை விட்டு நாள் கூலி தரட்டும். கட்டடச் செலவில் அது தூசு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொறியாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், அடி எண்ணிய மேஸ்திரியின் பெயரும் இருக்கட்டும். அந்த எண்ணுக்கு முதல் பொறுப்பு அவர்தான். அதற்கான மதிப்பும் அவருக்குச் சேர வேண்டும்.