காக்கைக்கு வைத்த சோறு

தமிழர் வாழ்வில் காக்கைக்கு உள்ள இடம் வேறு எந்தப் பறவைக்கும் இல்லை. மயிலைப் போற்றுகிறோம், கிளியைக் கொஞ்சுகிறோம், குயிலின் குரல் கேட்டு மகிழ்கிறோம். ஆனால், நாம் உண்பதற்கு முன் ஒரு பிடி சோற்றை எடுத்து வைப்பது காக்கைக்கே. அமாவாசையன்றும் முன்னோர் நினைவு நாளன்றும் அது வந்து உண்ட பின்னரே வீட்டார் இலையின்முன் அமர்வர். விருந்தினர் வரவை முன்னரே கரைந்து அறிவிக்கும் பறவையாகச் சங்கச் சான்றோர் அதனைக் கண்டனர். குறுந்தொகையின் 210-ஆம் பாடலில் அக்கரைதலைச் சிறப்பித்த நச்செள்ளையார், காக்கைபாடினியார் என்னும் பெயரையே பெற்றார். காலமறிந்து செயலாற்றுவதற்கும், சுற்றத்தை அழைத்து உண்பதற்கும் திருவள்ளுவர் காக்கையையே சான்றாகக் காட்டுகிறார்.

இம்மரபில் வளர்ந்த நமக்கு, காக்கைக்குச் சோறு வைப்பது குற்றம் என்னும் செய்தி எளிதில் செரிப்பதன்று. ஆயினும் சிங்கப்பூரின் சட்டம் அதுதான். 1965-ஆம் ஆண்டின் காட்டு விலங்கு, பறவைச் சட்டம் திருத்தப்பெற்று, வனவிலங்குச் சட்டம் என்னும் புதுப் பெயருடன் 2020 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. காட்டுயிர்களுக்கு உணவிடுதலை அது தடுக்கிறது. முதன்முறை தவறுவோர்க்கு 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் தவறுவோர்க்கு 10,000 வெள்ளி வரையிலும் தண்டம் விதிக்கலாம். வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "ஐயா, எங்கள் பாட்டி தாத்தாவை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிறார். அவர் குற்றவாளியா?" பாடநூலில் விடை இல்லாத வினா அது. சட்டத்தைச் சொல்லி வாயடைத்தால் மரபு புண்படும். மரபைச் சொல்லித் தட்டிக்கொடுத்தால் உண்மை மறைந்துபோகும். ஆகவே, காக்கையின் கதையை முதலிலிருந்தே சொல்ல வேண்டியதாயிற்று.

நாம் நாள்தோறும் காணும் வீட்டுக் காக்கை இம்மண்ணுக்கு உரியதன்று. காட்டோரங்களில் வாழும் அண்டங்காக்கையே இங்குத் தொன்றுதொட்டு இருப்பது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில், 1890-களில், மலாயாவின் காப்பித் தோட்டங்களில் புழுக்கள் பெருகின. அவற்றைத் தின்று அழிக்கும் என்று கருதி, இலங்கையிலிருந்து வீட்டுக் காக்கைகளைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டனர். தோட்ட வேலைக்கு நம் முன்னோரையும் கப்பலேற்றிய காலம் அது. காப்பித் தோட்டங்கள் மறைந்தன; காக்கைகள் நிலைத்தன. 1940-களில் அவை சிங்கப்பூரிலும் காணப்பட்டன. நகரம் வளர வளர அவையும் வளர்ந்தன. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலும் உடன் பெருகியது. 2001-ஆம் ஆண்டளவில் இத்தீவில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட காக்கைகள் இருந்தன என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

இவ்வளவு காக்கைகளுக்கும் உணவளித்தவர் யார்? அமாவாசைச் சோறு வைத்த பாட்டிமார் அல்லர். மூடாத குப்பைத் தொட்டியும், உணவங்காடியில் எடுக்காமல் விட்ட தட்டும், நகரின் கழிவெல்லாம் சென்று குவிந்த குப்பைமேடும் அவற்றுக்கு அன்னசத்திரங்களாயின. 1970 முதல் 1999 வரை வடகிழக்கே லோரோங் ஹாலுஸில் பெரியதொரு குப்பைமேடு இருந்தது. என் இளமையில் அப்பக்கம் சென்றபோது, குப்பை வண்டி வந்து நிற்குமுன் கரும்படலமாய்ப் பறவைகள் எழுந்து சுற்றியதைக் கண்டிருக்கிறேன். அவை மனிதனை அஞ்சவில்லை. வண்டியின் ஒலியை அறிந்து வைத்திருந்தன.

குப்பைமேட்டுப் பறவைகள் உலகெங்கும் ஒரு சிக்கலே. மேலை நாடுகளில் கடற்பறவைகளும், இந்தியாவில் பருந்துகளும் காக்கைகளும் கொக்குகளும் அங்கே கூடுகின்றன. விமான நிலையம் அருகிலிருந்தால் அவை விமானத்தில் மோதிப் பேரிடர் விளைக்கக்கூடும். இதனாலேயே இந்தியாவில் விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதை விதி தடுக்கிறது. பறவைகளை விரட்ட வெடியொலி எழுப்புவர், வலை கட்டுவர், பயிற்றிய வல்லூறுகளைப் பறக்கவிடுவர். சில நாள் அவை அஞ்சும். ஒலியால் தீங்கில்லை என்று தெளிந்ததும் மீண்டும் வந்து அமரும். உணவு கிடைக்கும் இடத்தைப் பசித்த உயிர் எளிதில் விடாது. எனவேதான், அன்றன்று கொட்டிய குப்பையை அன்றன்றே மண்ணிட்டு மூடுவதை எல்லா வழிகளிலும் முதன்மையானதாகச் சொல்வர். பறவையை விரட்டுவதன்று, உணவை மறைப்பதே அதன் நோக்கம்.

பறவைகளோடு இது நின்றுவிடவில்லை. இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் திறந்த குப்பைமேடொன்று உண்டு. காட்டு யானைகள் அங்கே வந்து, உணவு மணம் வீசும் நெகிழிப் பைகளைச் சேர்த்தே விழுங்கின. 2022 ஜனவரியில் அங்கு மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்தைய எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இவ்வாறு மாண்டன என்று செய்திகள் கூறின. அந்த யானைகளைக் கொல்ல வேண்டும் என்று ஒருவரும் எண்ணவில்லை. உண்ட மிச்சத்தை ஒரு பையில் கட்டி எறிந்தவர்கள், அது எங்கே போகும் என்று எண்ணவில்லை; அவ்வளவுதான்.

சிங்கப்பூர் வேறு வழியை நாடியது. 1979-இல் உலு பாண்டானில் முதல் குப்பை எரிப்பு ஆலை திறக்கப்பெற்றது. எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 1999 ஏப்ரல் முதல் நாள் தெற்கே எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், கடலில் கரை கட்டி அமைத்த செமாக்காவ் குப்பை நிலம் செயற்படத் தொடங்கியது. சாம்பலும் எரியாத கழிவும் மூடிய படகுகளில் அங்குச் செல்கின்றன. ஆசிரியர் குழுவொன்றுடன் நானும் அங்குச் சென்றிருந்தேன். குப்பை நிலம் என்றதும் மூக்கைப் பொத்த ஆயத்தமாயிருந்த எங்களுக்குக் கடற்காற்றே வீசியது. காக்கைக் கூட்டத்தைத் தேடினேன், இல்லை. சாம்பலில் உண்பதற்கு என்ன இருக்கிறது? கரையோரம் நட்டு வளர்த்த சதுப்புநில மரங்களிடையே கொக்கும் நாரையும் மீன் தேடின. நஞ்சு கசிந்தால் முதலில் வாடிக் காட்டுபவை அம்மரங்களே என்றனர். ஒருவரும் விரட்டாமலே வேண்டாத பறவைகள் அங்கு இல்லை. ஒருவரும் அழைக்காமலே வேண்டிய பறவைகள் வந்திருந்தன. ஆயினும் அந்நிலமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்துள்ளனர். நம் தட்டில் மிஞ்சுவதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

நகருக்குள்ளே சிக்கல் தீர்ந்தபாடில்லை. பல்லாண்டுகள் துப்பாக்கிக் கழகத்துத் தொண்டர்களைக் கொண்டு காக்கைகளைச் சுட்டனர், கூடுகளை அகற்றினர், எண்ணிக்கை குறைந்தது. ஆனால், 2023 பிப்ரவரியில் பீஷானில் வழிநடந்தோரைக் காக்கைகள் தலையில் கொத்தின. அதிகாரிகள் கூடுகளை அகற்றிப் பொறி வைத்துப் பிடித்தனர். தன் குஞ்சைக் காக்கவே காக்கை அவ்வாறு தாக்கும். அதனிடம் குற்றமில்லை. மனிதன் சிந்திய உணவு அதனை மனிதனின் தலைக்கு மேலேயே குடியேற்றிவிட்டது.

தேக்காவுக்கு வாருங்கள். காலையில் சிராங்கூன் சாலைப் பக்கத்துத் திடல்களில் புறாக்கள் திரள்கின்றன. எவரோ ரொட்டியும் அரிசியும் இறைத்துவிட்டுப் போகின்றனர். கடைகளின் ஐந்தடிப் பாதையில் எச்சம் படிகிறது. அதை நாள்தோறும் கழுவுபவர் ஓர் ஏழைத் தொழிலாளி. அந்த எச்சத்தால் மூச்சு வழி நோய்களும் பரவக்கூடும். பூக்கடையில் மாலை கட்டும் முதியவர் ஒருவரிடம் இதைப் பேசினேன். "பசித்த உயிருக்கு இரண்டு மணி போடுவது பாவமா தம்பி?" என்று கேட்டார். அது நேர்மையான வினா. பாவமில்லைதான், ஆனால், அதனால் பசி குறைவதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புறாக்களைக் கொன்று பார்த்தனர், குறையவில்லை. 1988 முதல், உணவிட வேண்டாவென்று மக்களிடம் எடுத்துரைத்தனர். நான்காண்டுகளில் இருபதாயிரம் புறாக்கள் பத்தாயிரமாயின. அளவுக்கு மிஞ்சி உணவிட்டால் அளவுக்கு மிஞ்சிக் குஞ்சுகள் பொரிக்கின்றன. நெருக்கத்தில் நோயுற்று அவற்றுள் பல மடிகின்றன. பின்னர், பெருகிவிட்டன என்று சொல்லி நாமே பொறி வைக்கிறோம். அன்போடு தொடங்கியது கொலையில் முடிகிறது.

இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு பணி உண்டு. உயிர்களை ஓம்புக என்று நம் நூல்கள் கூறுகின்றன. ஓம்புதல் என்னும் சொல்லுக்கு உணவிடுதல் மட்டுமே பொருளன்று. காத்தல், பேணுதல் என்பன அதன் முதற்பொருள்கள். தீங்கானதை நீக்குதல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. குப்பைத் தொட்டியை மூடுவதும் ஓம்புதலே. உண்ட தட்டை எடுத்து வைப்பதும் ஓம்புதலே. இலையில் மிஞ்சாமல் அளந்து சமைப்பதும் ஓம்புதலே. இப்பொருளை மாணவர்க்கு உணர்த்தினால், சட்டமும் அறமும் பகையாகத் தோன்றமாட்டா.

ஆயினும், இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் தந்தையார் மறைந்த நாளிலிருந்து என் தாயார் ஒவ்வோர் அமாவாசையும் தாழ்வாரச் சுவரில் சோறு வைத்துக் காத்திருப்பார். ஒரு காக்கை வந்து முதல் வாய் எடுத்ததும் அவர் முகத்தில் தோன்றும் அமைதியைப் பல முறை கண்டிருக்கிறேன். புதுச் சட்டம் வந்ததை எடுத்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. சில நாள் அதிகம் பேசவுமில்லை. பிறகு தாமே ஒரு வழி கண்டார். முதற்பிடிச் சோற்றைத் தந்தையாரின் படத்தின்முன் இலையில் படைத்தார். ஓர் ஆளுக்குரிய உணவைக் கூடுதலாகச் சமைத்து, நான்கு வீடு தள்ளித் தனியே வாழும் சீன மூதாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "காக்கை தின்றால் அப்பா சாப்பிட்டதாக நினைத்தேன். அந்த அம்மா சாப்பிடும்போதும் அப்படித்தான் இருக்கிறது" என்றார். அப்படிச் சொன்னாலும், படையல் வேளையில் அவர் கண்கள் ஒருமுறையேனும் சன்னலுக்கு வெளியே செல்கின்றன. அதை நான் காணாததுபோல் இருந்துவிடுகிறேன்.

மரபின் வடிவம் இடத்துக்கேற்ப மாறலாம். அதன் உள்ளம் மாறலாகாது. தனக்கு முன் பிறர்க்கு என்பதே காக்கைக்கு வைத்த சோற்றின் உள்ளம். வயலும் தோப்பும் சூழ்ந்த ஊரில், ஆளுக்கொரு பிடி என்னும் அளவில், அவ்வுள்ளம் பறவைக்குப் பொருந்திற்று. இலட்சக்கணக்கானோர் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழும் தீவில், அது பசித்த அண்டை வீட்டாருக்கும், கழிவைச் சுமக்கும் தொழிலாளிக்கும், நம் நெகிழிப் பையை விழுங்க நேரும் முகமறியா விலங்குக்கும் பொருந்த வேண்டும். இதை நம் மாணவர் உணர்ந்தால், காக்கைபாடினியாரைப் படிக்கும் அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பாட்டியைக் குற்றவாளியாக எண்ண வேண்டியதும் இல்லை.