சினம் தணிந்த மலை

அம்மையார்குப்பத்தில் பொழுது புலர்வது தறியோசையோடுதான். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்தது. இன்று விசைத்தறிகளின் இரைச்சல் தெருவை நிறைக்கிறது. நெசவையே வாழ்வாகக் கொண்ட செங்குந்தர்களுக்கு முருகப்பெருமான் மிக நெருங்கிய தெய்வம். சூரபன்மனோடு நிகழ்ந்த போரில் பெருமானுக்குத் துணை நின்ற வீரவாகுதேவர் முதலான நவவீரர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது எங்கள் முன்னோர் சொல்லிவரும் மரபு. ஆகவே ஆடிக் கிருத்திகை நெருங்கினால் எங்கள் வீட்டில் பாவு ஓட்டுவதும் கஞ்சி போடுவதும் நின்றுவிடும். எல்லோருடைய பேச்சும் திருத்தணியைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆறுபடைவீடுகளுள் ஐந்தாவது திருத்தணிகை. சூரனோடு பொருத சினமும், வள்ளிநாயகியின் பொருட்டு வேடரோடு பொருத சினமும் தணிந்து பெருமான் அமர்ந்த இடம் இது. ‘செரு’ என்றால் போர். செருத்தணி என்ற பெயரும் இத்தலத்துக்கு உண்டு. கந்த சஷ்டியின்போது மற்றத் தலங்களில் சூரசங்காரம் கோலாகலமாக நடைபெறும். தணிகையில் அது கிடையாது. இங்கே அன்று பெருமானுக்கு மலர்களைச் சொரிந்து வழிபடுகிறார்கள். கோபம் ஆறிய வீட்டில் பழைய சண்டையை மறுபடி எடுக்கக் கூடாது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்த நியாயம்தான்.

ஊர் சிறியது. ஆனால் அதன் வரலாறு நீண்டது. நந்தியாற்றின் கரையில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவன் அபராஜிதன் காலத்தில், அவனது பதினெட்டாம் ஆட்சியாண்டில், நம்பி அப்பி என்பவர் எழுப்பிய கற்றளி அது. கருவறையின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். மலைக்கு வருவோர் பெரும்பாலும் இதைப் பாராமலே திரும்பிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் நாவில் முதியவர் வடிவில் வந்த பெருமான் கற்கண்டு இட்டதும், ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற முதல் கீர்த்தனை பிறந்ததும் இம்மலையில்தான் என்பர். சென்னையில் வீட்டுக் கண்ணாடியின் முன் அமர்ந்து தியானித்த இராமலிங்க வள்ளலாருக்குக் காட்சி தந்தவரும் இந்தத் தணிகைப் பெருமானே. 1888ஆம் ஆண்டு டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

மலைகள் இரண்டு. ஒன்று வெண்ணிறப் பாறை, மற்றது கருநிறப் பாறை. பச்சரிசி மலை, பிண்ணாக்கு மலை என்று மக்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். புராணம் நீலோற்பலகிரி என்று அழைக்கும் மலைக்கு இவ்வளவு வீட்டுத்தனமான பெயர் வைக்க நம்மவர்களால்தான் முடியும்!

எங்கள் பகுதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதனோடு சேர்க்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு அங்கே போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்துக்குத் திரும்பியது. நகரி, புத்தூர் முதலிய ஊர்கள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. அப்போது என் தந்தையார் பள்ளிச் சிறுவர். “முருகனை எந்த ராஜ்யத்தில் வைத்தால் என்ன, படி என்னவோ முந்நூற்று அறுபத்தைந்துதான்” என்று தாத்தா சொல்லிச் சிரித்தாராம்.

அந்தக் கோடு எங்கள் குடும்பத்துக்கு நடுவிலும் விழுந்தது. பெரியப்பா நகரியில் பெண்ணெடுத்து, அங்கேயே தறி போட்டுக்கொண்டார். அதனால் உறவு அறுபடவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது இங்கே வந்துவிடுவார். உறவை அறுத்தது பாகப்பிரிவினை. பாட்டி காலமான பிறகு தாத்தாவின் தறியும் அது இருந்த முன்கட்டும் யாருக்கு என்று எழுந்த பேச்சில், சொல்லக் கூடாதவற்றை இருவரும் சொல்லிவிட்டார்கள். பதினோரு ஆண்டுகள் பேச்சில்லை. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரவு இல்லை. ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்கு இருவரும் தணிகைக்கு வருவார்கள். அப்பா சரவணப் பொய்கையில் நீராடிப் படிவழியே ஏறுவார். பெரியப்பா மலைப்பாதையில் பேருந்தில் வந்துவிடுவார். ஒருவர் தரிசித்து முடித்த பிறகே மற்றவர் வரும்படி எப்படியோ நேரம் அமைந்துவிடும்.

இவ்வாண்டு அப்பாவின் முழங்கால் மிகவும் தளர்ந்திருந்தது. பேருந்தில் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்; கேட்கவில்லை. பொய்கைக் கரையிலிருந்தே மஞ்சள் ஆடைகளின் வெள்ளம். தோள்களில் மலர்க்காவடிகள், மழித்த தலைகளில் சந்தனம். எங்களுக்கு முன்னே ஒரு குடும்பம் தெலுங்கில் பாடிக்கொண்டு ஏறியது, பின்னே வந்தவர்கள் திருப்புகழ் பாடினார்கள். ‘அரோகரா’ என்ற முழக்கம் எழும்போது மட்டும் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிடும்.

ஆண்டின் நாள்களைக் குறிப்பவை இந்தப் படிகள். டிசம்பர் 31 இரவு நடைபெறும் திருப்படித் திருவிழாவில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றிக்கொண்டே செல்வார்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களின் வீட்டு வாசலில் காத்துநின்றவர்களைத் தணிகைத் துரையின் வாசலுக்குத் திருப்ப வேண்டும் என்று வள்ளிமலைச் சுவாமிகள் தொடங்கிவைத்த வழிபாடு அது.

பாதி வழியில் ஒரு மண்டபத்தில் அப்பா உட்கார்ந்தார். நெடுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்: “ஒரு படிக்கு ஒரு நாள் கோபத்தை வைத்துவிட்டு ஏறவேண்டும் என்பார் உன் தாத்தா. நானும் பதினோரு வருஷமாக வைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன். என்ன செய்வது, இறங்கும்போது அதே வழியாக வருகிறேனே, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.”

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மேலே கூட்டம் அலைமோதியது. தரிசனத்துக்கு வெகுநேரம் ஆயிற்று. வள்ளி, தெய்வயானை சமேதராகப் பெருமானைச் சேவித்து, சந்தனப் பிரசாதம் பெற்றுக்கொண்டு வெளியே வந்தோம். தணிகையில் பெருமானின் வாகனமாக ஐராவதம் நிற்கிறது. தெய்வயானையின் சீராக இந்திரன் கொடுத்த யானை அது. அது பிரிந்து வந்தபின் தேவலோகத்தின் செல்வம் குன்றியதாம். இந்திரன் மனம் வருந்த, யானையின் முகத்தைத் தன் ஊர் இருக்கும் திசையை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளுமாறு பெருமான் அருளினார் என்பது தலபுராணம். இங்கே தங்கியும் அங்கே பார்த்தபடி நிற்கும் அந்த யானையைச் சிறுவயது முதலே எனக்குப் பிடிக்கும்.

அதன் அருகே கூட்டத்துக்கு ஒதுங்கி, பேரனோடு பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மிகவும் இளைத்துப்போயிருந்தார். அப்பா நின்றுவிட்டார். திரும்பி வேறு வழியாகப் போய்விடுவாரோ என்று நான் அஞ்சினேன். அவர் திரும்பவில்லை, முன்னேயும் போகவில்லை. கையில் இருந்த சந்தன உருண்டையைப் பார்த்தபடி நின்றார்.

பையன்தான் முதலில் எங்களைக் கவனித்தான். “ஈயன எவரு, தாத்தய்யா?” என்று கேட்டான். இவர் யார் என்ற கேள்விக்குப் பெரியப்பா உடனே விடை சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “மா தம்முடு” என்றார். என் தம்பி.

அப்பா அருகே சென்று அமர்ந்தார். சந்தனத்தை எடுத்து முதலில் பையனின் நெற்றியில் இட்டார். பெரியப்பா தாமாகவே நெற்றியைக் காட்டினார். கண்ணீர், தழுவல் என்று எதுவும் நடக்கவில்லை. நெசவாளிகள் இருவர் சந்தித்தால் என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசினார்கள்.

“நாற்பதாம் நம்பர் நூல் இப்போது என்ன விலைக்கு வாங்குகிறாய்?”

“எங்கே வாங்குவது, அண்ணா. தை மாதமே தறியைப் பிரித்துவிட்டேன். கால் மிதிக்க வரவில்லை.”

பெரியப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அப்பாவின் தறியையா?”

“ஆமாம்.”

“அச்சும் பண்ணையும்?”

“பரணில் இருக்கின்றன. துணி சுற்றி வைத்திருக்கிறேன்.”

“விற்றுவிடாதே.”

“விற்பேனா!”

கீழே இறங்கும்போது நால்வரும் பேருந்தில்தான் வந்தோம். அப்பா மறுப்பார் என்று எண்ணினேன், மறுக்கவில்லை. நகரிப் பேருந்தில் அவர்களை ஏற்றிவிட்டு, எங்கள் பேருந்துக்காக வெகுநேரம் நின்றோம்.

பாகப்பிரிவினைக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. முன்கட்டைப் பற்றி அன்று இருவருமே வாய் திறக்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் அச்சைப் பார்க்க வருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். பரணைத் துடைத்து வைக்கும்படி அப்பா இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.