கரண்ட் போயிருந்தா?

அணுசக்திப் பொறியியல் படிக்கிறேன் என்று எங்கள் குப்பத்தில் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. 'இன்ஜினியரிங்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். 2011-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மீனவர்கள் திரண்டதை டிவியில் பார்த்த ஊர் இது. நீ எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். விடுதியில் இருந்தவரை அந்தப் பயம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. 2020-ல் கொரோனாவால் கல்லூரியை மூடிவிட, எம்.டெக் வகுப்புகள் பழவேற்காட்டில் எங்கள் வீட்டு ஒற்றை அறைக்குள் கூகுள் மீட்டில் நடக்கத் தொடங்கியதும், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று.

செமஸ்டர் முடிகிற நேரம். அசைன்மென்ட், இன்டர்னல், வைவா எல்லாம் சேர்ந்து நெருக்கின. கதிர்வீச்சை எண்ணும் ஜி.எம். கவுண்டரை ஆசிரியர் கேமரா முன் இயக்கிக் காட்டுவார். அவர் அனுப்பும் எண்ணிக்கைகளை வைத்து நாங்கள் வரைபடம் போட்டு ரெக்கார்டை முடிப்போம். சிக்னல் தேடிப் பாலத்துப் பக்கம் போய் நிற்பேன்.

நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்தது. என் நைனா கடலுக்கும் போகவில்லை, ஏரிக்கும் போகவில்லை. கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில், சுனாமி தாக்கிய உலையை உதாரணமாக வைத்துச் சிதைவு வெப்பம் பற்றி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா, சுனாமின்னு ஏதோ படிக்கிறியே? அன்னிக்கு அல வந்தப்போ கல்பாக்கத்துல இன்னா ஆச்சு?" என்று நைனா கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 அன்று அங்கே உள்ள அணுமின் நிலையத்தில் இரண்டாவது உலைதான் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் புதிதாகக் கட்டவிருந்த ஈனுலைக்காகத் தோண்டியிருந்த பள்ளத்திலும் கடல் ஏறியது.

"கரண்ட் போயிருந்தா?"

ஃபுகுஷிமாவைச் சொன்னேன். 2011 மார்ச்சில் நிலநடுக்கம் வந்ததுமே அங்கே ஓடிக்கொண்டிருந்த உலைகள் நின்றுவிட்டன. பிறகு வந்த அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

"நின்னுபோனது எப்படி உருகும்? அடுப்புல கங்கு கெடக்குற மாதிரியா?"

கங்குதான். ஆனால் இந்தக் கங்கு தண்ணீர் ஊற்றினால் அணையாது. பிளந்த அணுத் துண்டுகள் தாமாகச் சிதைந்து சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் 6, 7 சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக்கு இறங்கும். ஒரு நாள் போனாலும் அரை சதவீதம் இருக்கும். பெரிய உலையில் அந்த அரையே பல மெகாவாட். தண்ணீர் தொடர்ந்து ஓடி அதை வெளியே எடுத்துப் போக வேண்டும்.

இந்த வளைகோட்டை நான் பலமுறை வரைந்திருக்கிறேன். அது சரிந்து இறங்கும் அழகு எனக்குப் பிடிக்கும். சுனாமி அலையில் வலையையும் படகையும் இழந்த நைனாவுக்கு அதைச் சொன்னபோதுதான், அந்தக் கோட்டின் வால் எவ்வளவு நீளம் என்பது உறைத்தது. கரையில் வாழ்கிறவர்கள் அந்த வாலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் படிப்பின் பகுதி என்று அன்றுமுதல் நினைக்கிறேன். அணுமின்சாரம் நமக்கு வேண்டும் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். அதைக் குப்பத்தில் வெளிப்படையாகச் சொல்கிறேன். எதிர்த்துப் பேசுகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

ப்ராஜெக்டுக்குக் கல்பாக்கம் ஈனுலையின் வெப்பநீக்க அமைப்பை எடுத்துக்கொண்டேன். நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட். தண்ணீருக்குப் பதிலாக இங்கே வெப்பத்தைச் சுமக்கும் சூடான சோடியம், பம்ப் இல்லாமலே மேலேறி, காற்றில் வெப்பத்தை விட்டு, குளிர்ந்து கீழிறங்கும். கரண்ட் போனாலும் நிற்காது.

நைனாவிடம் அதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "கொழாயில ஓட்ட விழுந்தா?"

சூடான சோடியம் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். 1995 டிசம்பரில் ஜப்பானின் மோன்ஜு ஈனுலையில் அப்படிக் கசிந்துதான் தீப்பிடித்தது. கசிவுக்கென்று தனி அத்தியாயம் வேண்டும் என்று என் வழிகாட்டி கேட்கவில்லை. நான் எழுதிச் சேர்த்தேன்.