அழுக்கேறிய கம்பிகள்

எங்க மாமா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ராத்திரி லாரிகள் வரத் தொடங்கினால் வெங்காயம், உருளைக்கிழங்கு, கோஸ் என்று விடியும்வரை இறக்க வேண்டும். காலையில் தாராநல்லூர் வீட்டுக்கு வந்து குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் அவர் கை போகிற இடம் சுவரில் மாட்டியிருக்கும் பேஸ் கிட்டார்தான். திருவிழாக் காலத்தில் மூட்டைக்கு லீவு. ஊர் ஊராக இன்னிசைக் கச்சேரி. போஸ்டரில் பாடுகிறவர் பெயர் பெரிசாக இருக்கும், கீபோர்டுக்காரர் பெயர்கூட ஓரத்தில் இருக்கும். பேஸ் வாசித்தவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. இளையராஜா பாட்டுகளில் பேஸ் அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகுமே, அதில் எத்தனையோ பாட்டுக்கு வாசித்த சசிதரன் பெயரே எத்தனை பேருக்குத் தெரியும்? மாமா எம்மாத்திரம்.

அந்தக் கிட்டார், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்தியரிடம் 1980களின் தொடக்கத்தில் தவணை சொல்லி வாங்கியது. வாங்கும்போதே அதில் மாட்டியிருந்தவை ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். கடைசிவரை மாமா அவற்றை மாற்றவே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேஸ் கம்பிக்கு நடுவில் ஒரு உருக்குக் கம்பி, அதைச் சுற்றி இன்னொன்று. சுற்றுவது உருண்டைக் கம்பியாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட், பட்டை நாடாவாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். உருண்டை, புதுசில் கணீரென்று பேசும். விரலை நகர்த்தினால் கீச்சென்று கத்தும். ஆனால் சுற்றுக்குச் சுற்று பள்ளம். அதில் வியர்வையும் தோல் செதிலும் இறங்க இறங்க, சில வாரத்தில் கணீர் செத்துப்போகும். வெந்நீரில் கொதிக்கப் போட்டு உயிர் கொடுப்பவர்கள் உண்டு, அது கொஞ்ச நாள்தான். பட்டைக் கம்பி வழுவழுவென்றிருக்கும். அதுவும் புதுசில் கொஞ்சம் துள்ளும். மாசக்கணக்கில் கைபட்டபின் துள்ளல் அடங்கி 'தும்' என்று அடிவயிற்றிலிருந்து வரும். ஒலி நீண்டு அலையாது, விழுந்த இடத்தில் ஊன்றி நிற்கும். அப்புறம் வருஷக்கணக்காக அப்படியே இருக்கும். கைபடாமல் அது அந்த ஒலிக்கு வராது.

தாத்தா தப்படித்தவர். தோலை வைக்கோல் தீயில் காய்ச்சிக் காய்ச்சியே வாழ்ந்தவர். "இதுக்கு நெருப்பே வேணாமாடா?" என்று கேட்பாராம். "கைச்சூடு போதும்ப்பா" என்பாராம் மாமா.

எனக்குப் பதிமூன்று வயசு இருக்கும்போது, பெரம்பலூர் பக்கம் ஒரு ஊரில் அம்மன் திருவிழாக் கச்சேரி. ஒயர் சுற்ற நானும் போயிருந்தேன். மாமாவுக்குக் காய்ச்சல், வேனில் சுருண்டு கிடக்கிறார். வேறு குழுவிலிருந்து வந்திருந்த ஒருவர் வாசிக்க ஒத்துக்கொண்டார். கிட்டாரைப் பார்த்தார். கம்பிகள் கறுத்து மினுமினுத்தன. "யாருது?" யாரோ சொன்னார்கள். மாமா என்ன வேலை செய்கிறார் என்றும் சொன்னார்கள், எந்தத் தெரு என்றும் சொன்னார்கள். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கர்ச்சீப்பை நனைத்து நாலு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை துடைத்தார். அப்புறம்தான் தொட்டார். சுத்தக்காரராக இருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் லீட் கிட்டார்காரர் கொடுத்த பிக்கைப் பல்லில் கடித்து வைத்திருந்தார், துடைக்காமல்.

திரும்பும்போது வேனில் மாமாவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சவுண்டு எப்பிடியிருந்துச்சு?" என்றார்.

"கொஞ்சம் கூர்மையா இருந்துச்சு மாமா."

"ரெண்டு லோடு எறக்கினா சரியாப்போயிரும்டா."

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒரு கறுப்பர் இருந்தார். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர். ஒரே ஆள்காட்டி விரலால் வாசிப்பார். 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் கிட்டாரில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார், அழுக்கில்தான் இசையே இருக்கிறது என்று சொல்வாராம். உலகமே ஆடிய பாட்டுகள் அவை. இசைத்தட்டு உறையில் அவர் பெயர் வர 1971வரை, மார்வின் கேயின் ஒரு தொகுப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1983இல் செத்தார். அதற்குச் சற்று முன்னால் அந்தக் கிட்டாரையும் யாரோ திருடிவிட்டார்கள். இதை நான் படித்தபோது மாமா உயிரோடு இருந்தார். சொன்னேன். "மூட்டை தூக்குனாராமா?" என்று மட்டும் கேட்டார்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து உறையூர் ஒரு மணி நேர நடை. திருப்பாணாழ்வார் பிறந்த ஊர் என்பார்கள். காவிரிக்கரையில் நின்று அரங்கனைப் பார்த்து யாழ் மீட்டிப் பாடியவர். கோயிலுக்குள் போக முடியாத பாணர். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லிக் கல்லெறிந்தார், பிறகு பெருமாள் சொல்லி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போனார் என்பது கதை. அதனால் முனிவாகனர் என்றும் பெயர். எம்.ஏ. வகுப்பில் இதை நடத்தியபோது, "அந்த யாழ் என்னங்கய்யா ஆச்சு?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. தோளில் ஏற்றியவர்கள் யாழையும் ஏற்றினார்களா? அதன் நரம்பில் பாணனின் கைவியர்வை இருந்திருக்குமே, அதைக் கழுவினார்களா, கரையிலேயே போட்டுவிட்டார்களா? தூக்கியவரின் தோள் கதையில் நிற்கிறது. வாசித்தவரின் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மாமா 2016இல் போய்விட்டார். கிட்டார் என்னிடம் வந்தது. ஏப்ரல் 14க்குத் தெருவில் மேடை போட்டால் வாசிப்பேன், சுமாராக. போன வருஷம் ஒத்திகையில் மெல்லிசான ஜி கம்பி அறுந்தது. ஃப்ளாட்வவுண்ட் கேட்டு நாலு கடை ஏறினேன், இல்லை. வெளியூரிலிருந்து ஒரு செட் வரவழைத்து ஒன்றை மட்டும் மாட்டியிருக்கிறேன். மற்ற மூன்று புதுக் கம்பியும் உறையிலேயே இருக்கின்றன. பழைய மூன்றும் மாமா குரலில் பேச, இது மட்டும் நடுவில் துருத்திக்கொண்டு கத்துகிறது. அக்கா மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தினம் சாயங்காலம் அரைமணி நேரம் அந்த ஒரு கம்பியை வாசிடா என்று கொடுத்திருக்கிறேன். கை கழுவிட்டு வரட்டுமா மாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.