மஞ்சள் பட்டை

2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்தது. பாட சிடி தயாரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அன்றிலிருந்து தலைவலி. அதுவரை எச்டிஎம்எல் பக்கங்களில் ஃபிளாஷ் படங்களையும் ஜாவாஸ்கிரிப்ட் வினாக்களையும் கோத்துக் கொடுத்தால் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பாடம் ஓடிவிடும். இப்போதோ முகவரிப் பெட்டிக்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டை வந்து, பாதுகாப்புக்காக இந்தக் கோப்பைத் தடுத்திருக்கிறேன் என்றது. அனுமதித்தால் ‘நிச்சயமாகத்தானா?’ என்று இன்னொரு பெட்டி. பார்க்கிற ஆசிரியர் சிடியில் வைரஸ் என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தடையிலும் நியாயம் இருந்தது. கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கத்தை, இணையப் பக்கத்தைவிட அதிகமாக உலாவி நம்பிவந்தது. அந்தச் சலுகைக்குள் புகுந்துகொள்ளத்தான் கெட்ட நிரல்களும் வழி தேடின. அதனால் கதவைச் சாத்தினார்கள்.

சிடிகளில் உள்ளதை இயங்கவிட உலாவியின் அமைப்புகளிலேயே ஒரு கட்டம் இருந்தது. ‘அதில் டிக் போடுங்கள்’ என்று உறைக்குள் சீட்டு வைத்தவர்கள் பலர். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த டிக் நம் சிடிக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு அந்தக் கணினியில் நுழையும் எல்லா சிடிகளுக்கும்தான். நம் வசதிக்காக அடுத்தவர் வீட்டுப் பூட்டைக் கழற்றச் சொல்லக் கூடாது.

அன்று முறையான வழி விசித்திரமானது. பக்கத்தின் தலையில், ‘நான் இணையத்திலிருந்து வந்தவன்’ என்று ஒரு குறிப்பு வரி எழுதுவது. மார்க் ஆஃப் தி வெப் என்று அதற்குப் பெயர். சலுகை வேண்டாம் என்று பக்கமே விலகிக்கொண்டால், சாதாரண இணையப் பக்கத்துக்கு உரிய அளவில் அதை ஓடவிடுவார்கள். முகவரியில் எத்தனை எழுத்து என்பதையும் அந்த வரியிலேயே சொல்ல வேண்டும்: about:internet என்றால், நடுவிலுள்ள முக்காற்புள்ளியும் சேர்த்து 0014. வரி முடிவும் விண்டோஸ் பாணியில் இருக்க வேண்டும். மேக்கில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் சேமித்த கோப்பில் வரி சரியாகத்தான் தெரியும், பட்டையும் கூடவே வரும்.

இதற்கும் விலை உண்டு. குறிப்பு வரி எழுதிய பக்கத்திலிருந்து அதே சிடியில் உள்ள பிடிஎஃப்புக்குக் கொடுத்த இணைப்பு திறக்காது. இணையத்திலிருந்து வந்ததாகச் சொன்ன பக்கம் உள்ளூர்க் கோப்பைத் தொடலாமா? அவற்றையெல்லாம் ஆட்டோரன் மெனுவுக்கு மாற்றினோம். இந்த வம்பே வேண்டாம் என்றவர்கள் எல்லாவற்றையும் ஃபிளாஷ் புரொஜெக்டராக, தனி இஎக்ஸ்இ கோப்பாகக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததில் உலாவி தடுக்காது; ஆனால் மேக்குக்குத் தனிக் கோப்பு.

ஃபிளாஷ் 2020 இறுதியோடு முடிந்தது. சிடி போய் பென்டிரைவ் வந்தது. இன்றைய குரோம் பட்டை காட்டுவதில்லை. டிஸ்கிலிருந்து திறந்த பக்கம் பக்கத்துக் கோப்பில் உள்ள ஜேசன் தரவை ஃபெட்ச் செய்யப் போனால் பேசாமல் மறுத்துவிடும். காரணம் கன்சோலில் மட்டும் சிவப்பாக இருக்கும். பயனர் பார்ப்பது வெற்றுப் பக்கம். எச்சரிக்கையைவிட இது மோசம். ஆகவே தரவை ஜேஎஸ் கோப்பாக எழுதி ஸ்கிரிப்ட் குறியால் சேர்த்துவிடுங்கள். மாடியூல்களைத் தவிருங்கள். லோக்கல்ஹோஸ்டில் ஓடுகிறதே என்று நம்பி அனுப்பாதீர்கள். பென்டிரைவைச் செருகி, கோப்பை இருமுறை கிளிக் செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.