காக்கா இல்லை பாஸ்... செம்போத்து!

சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து ஒரகடம் போற பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா, மொபைலைக் கொஞ்ச நேரம் பாக்கெட்ல போடுங்க. ஏரிக்கரையில கோரையும் முள்ளுப் புதரும் மண்டிக் கிடக்கிற இடத்துல, ஒரு கறுப்புப் பறவை ஹாயா வாக்கிங் போகும். 'காக்கா ஏன் நடக்குது?'ன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. அது செம்போத்து. சில ஊர்ல செண்பகம்.

கன்னங்கரேல் உடம்பு, செங்கல் கலர் றெக்கை, ரத்தச் சிவப்புக் கண்ணு, நீள வாலு. மொத்த நீளம் சுமார் 48 செ.மீ. ஆணும் பெண்ணும் ஒரே யூனிஃபார்ம்தான். பெண் கொஞ்சம் பெரிசு.

குயில் குடும்பத்துல பிறந்தாலும், குயில் மாதிரி அடுத்தவங்க கூட்டுல முட்டை வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. அடர்ந்த புதருக்குள்ள சொந்தமா கூடு கட்டி, அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே குஞ்சுகளை வளர்க்கும். பறக்கிறதுல மட்டும் நம்மாளு ரொம்ப வீக். அதனால தரையில நடந்தே வேட்டை. பூச்சி, நத்தை, தவளை, ஓணான், சின்னப் பாம்பு... நம்ம கேன்டீன் மெனு தோத்துடும்! காலையில 'ஊப்... ஊப்... ஊப்'னு ஒண்ணு குரல் கொடுத்தா, தூரத்துல இருந்து ஜோடி பதில் சொல்லும்.

அந்தக் காலத்துல இந்தியாவுக்குப் புதுசா வந்த வெள்ளைக்காரங்க, இதை ஃபெசன்ட் கோழின்னு நினைச்சு சுட்டுச் சாப்பிட்டு, முகம் சுளிச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களோ காசநோய்க்கு மருந்துன்னு நம்பி இதோட கறியைத் தின்னாங்க. அந்த நோய்க்கு இன்னிக்கு அரசு ஆஸ்பத்திரியிலயே மாத்திரை இலவசம்.

துப்பாக்கிக்கும் குழம்புச் சட்டிக்கும் தப்பிச்ச பறவைக்கு இப்போ புது வில்லன், பொக்லைன். நான் பார்த்த ஒரு கரையில 'சுத்தம் பண்றோம்'னு புதரையெல்லாம் ஒரே நாள்ல வழிச்சுப் போட்டுட்டாங்க. பார்க்க நீட்டா இருக்கு. ஆனா, 'ஊப்' சத்தம் மட்டும் இல்லை.

வேடந்தாங்கலுக்கு வர்ற கூட்டம் சீஸன் முடிஞ்சா கிளம்பிடும். செம்போத்து அப்படியில்லை. வருஷம் முழுக்க நம்ம ஏரியாவாசி. அது சரணாலயமெல்லாம் கேக்கலை. ஒளிஞ்சுக்க, கூடு கட்ட நாலு புதர் போதும்.

நாளைக்கு நம்மள்ல ஒருத்தர்தான் ஃபேக்டரிக்கு காம்பவுண்ட் பிளான் போடப் போறோம், ஏரிக்கரைக்கு டிசைன் பண்ணப் போறோம். பார்க்கிங்குக்கு இடம் ஒதுக்குற மாதிரி, ஓரமா ஒரு துண்டுப் புதருக்கும் இடம் ஒதுக்குங்க. அந்தக் கோடு உங்க டிராயிங்ல இருந்தா, வாடகை கேக்காமலே ஒரு குடும்பம் குடி வந்துடும்!