அம்மாவும் அட்லாண்டிக்கும்

ஃபேமிலியோட கார்ல டூர் போயிருக்கீங்களா? மடியில புளியோதரை டப்பா, முன் சீட்ல அப்பாவோட நான்-ஸ்டாப் கமென்ட்ரி... அதேதான் பாஸ், ரோடு மட்டும் அமெரிக்கா! பாஸ்டன்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு லீவுல போயிருந்தோம். ஒருநாள் விடியக்காலையில மாமா காரைக் கிளப்பிட்டார். வடக்கே அஞ்சு மணி நேரம். மெய்ன் மாநிலத்துல இருக்கிற அகேடியா தேசியப் பூங்கா.

பூங்கான்னதும் ஊஞ்சல், சறுக்குமரம்னு கற்பனை பண்ணாதீங்க. இது ஒரு தீவு. இளஞ்சிவப்பு கிரானைட் பாறைகள் அப்படியே கடலுக்குள்ள இறங்குது. தனியார் தானமா கொடுத்த நிலத்துல 1916-ல உருவான இடமாம். ஜார்ஜ் டார்னு ஒருத்தர் தன் சொத்தையே இதுக்காகக் கரைச்சிருக்கார். மாமா இதைச் சொன்னதும், "நீ பைக் கேட்டுட்டுத் திரியறே!"ன்னு அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்பாக்களுக்கு சம்பந்தம் தேவையில்லை.

1,530 அடி காடிலாக் மலை, லைட் ஹவுஸ் எல்லாம் பார்த்தோம். சூப்பர்தான். ஆனா நான் சொல்ல வந்தது வேற.

எங்க ஊர் கடலூர் பக்கம். 2004 டிசம்பர் 26 காலையில எனக்கு ரெண்டு வயசு. என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடினவங்க அம்மா. அதுக்கப்புறம் அவங்க கடல் பக்கமே போனதில்லை. நான் சில்வர் பீச்சுக்குப் போறதே வீட்ல பொய் சொல்லிட்டுதான்.

இங்கே 'தண்டர் ஹோல்'னு ஒரு இடம். பாறை நடுவுல குறுகலா ஒரு சந்து, அதோட கடைசியில சின்னக் குகை. அலை உள்ளே புகுந்ததும் மாட்டிக்கிட்ட காத்து பிதுங்கி வெளியே வரும். இடி மாதிரி சத்தம் கேட்கும், தண்ணி 40 அடி வரைக்கும்கூட எகிறும். நாங்க போனப்ப வெறும் 'களக் களக்'தான். இதுக்கா அஞ்சு மணி நேரம்னு கடுப்பாகி, போட்டோவுக்காகக் கம்பியைத் தாண்டி ஈரப் பாறையில ஒரு காலை வெச்சேன்.

"டேய்! மேல வாடா!"

கார்லயே இருக்கேன்னு சொன்ன அம்மா, ரோட்டோரத்துல நின்னு கத்துறாங்க. அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறாங்க. மானமே போச்சு. "சும்மா இரும்மா, இங்கெல்லாம் சுனாமி வராது!"

சொன்ன பிறகுதான் உறைச்சுது. அக்கா என்னை முறைச்சா. பேசாம மேலே ஏறி வந்தேன்.

அப்பதான் மாமா மெதுவா சொன்னார். 2009 ஆகஸ்ட் 23. புயல் எங்கேயோ நடுக்கடல்ல. இந்தப் பக்கம் அலையை வேடிக்கை பார்க்க நின்ன கூட்டத்துல சிலரை ஒரு பெரிய அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சு.

'பார்த்தியா, நான் சொன்னேன்ல'ன்னு அம்மா ஆரம்பிப்பாங்கன்னு நினைச்சேன். ஆரம்பிக்கலை. "அந்தப் பொண்ணோட அம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க. மாமாவுக்குத் தெரியலை.

கிளம்பலாம்னு அப்பா சொன்னார். அம்மா நகரலை. கடல் ஏற ஏற, உறுமல் சத்தம் பெரிசாச்சு. திடீர்னு 'டமார்'! கீழே நின்னவங்க எல்லாம் தொப்பலா நனைஞ்சுட்டாங்க. அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தாங்க. வலிச்சுது. விடச் சொல்லலை. இன்னும் நாலஞ்சு அலை பார்த்துட்டு, கார்ல ஏறிப் புளியோதரை டப்பாவைத் திறந்தோம்.